மாட்டுக்குப் பல்... கம்ப்யூட்டருக்கு ஜெனரேஷன்!

தலைப்பொங்கல் சீராக மகளுக்கு டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்த ஒரு விவசாயக் குடும்பத்தின் அனுபவம்

தலைப்பொங்கல் சீர் என்றால் பித்தளைப் பானை, வெண்கலக் கரண்டி, பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பெண்ணுக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. வசதிக்கேற்ப இதில் கூடும், குறையும். வரிசை மட்டும் மாறாது. மீஞ்சூர் பக்கம் இரண்டு ஏக்கரில் நெல் வைக்கும் அந்த விவசாயியும் இதற்காகவே சீட்டுப் பணம் 45,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஒரே மகள். போன ஆவணியில் திருவொற்றியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்.

மார்கழி பிறந்ததும் மகள் போனில் பேசினாள். "கல்யாணத்துக்கு வந்த பாத்திரமே பரண்ல கிடக்குதுப்பா. ஒரு பானையும் கரும்பும் போதும். மீதிப் பணத்துல ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்க."

அவருக்கு அது தப்பாகப் படவில்லை. அம்மாதான் ஒப்பவில்லை. "தாம்பாளத்துல வச்சு எடுத்துட்டுப் போற சாமானா அது? அக்கம்பக்கத்துல வந்து சீர் பார்த்தா எதைக் காட்டுவா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மகள் எதற்காகக் கேட்கிறாள் என்பது தெரிந்த பிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது.

லாரி காத்திருக்கும், பில் காத்திருக்காது

திருவொற்றியூர் வழியாகத்தான் எண்ணூர் விரைவுச் சாலை போகிறது. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதற்கு அப்பால் காட்டுப்பள்ளி. இரவு பகலாக கன்டெய்னர் லாரிகள் ஓடும் இடம். மாப்பிள்ளைக்கு கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஷிப்ட் வேலை. மகள் பி.காம் படித்தவள். ஐந்து லாரி உரிமையாளர்களுக்கு இ-வே பில் போடுவது, மாதக் கணக்கு எழுதுவது, ஜி.எஸ்.டி. விவரங்களைத் தொகுத்து ஆடிட்டருக்கு அனுப்புவது அவள் வேலை. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் வேண்டும். பில் வந்தால்தான் வண்டி நகரும்.

இதை எல்லாம் அவள் ஐந்தரை அங்குல செல்போனில் செய்துகொண்டிருந்தாள். பிரிண்ட் எடுக்கப் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர். அது இரவு 9 மணிக்கு மூடிவிடும். லாரிக்காரர்கள் 11 மணிக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை வண்டி எண்ணில் 3-க்குப் பதில் 8 விழுந்துவிட்டது. டிரைவர் கிளம்பும் முன் கவனித்ததால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் வழியில் நிறுத்தி அபராதம் கேட்டிருப்பார்கள். அந்த லாரிக்காரரின் வேலையும் போயிருக்கும்.

ஆக, இது ஆசைக்குக் கேட்ட பொருள் அல்ல, தொழிலுக்குக் கேட்ட பொருள். ஆனால் அந்த வீட்டில் இன்னொருவனும் கம்ப்யூட்டருக்குக் காத்திருந்தான். மாப்பிள்ளையின் தம்பி. பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். "அண்ணி, வாங்குறதுதான் வாங்குறீங்க, கேமிங் சிஸ்டமா வாங்குங்க. எல்லா வேலையும் பறக்கும்" என்றான். மாமியாரும், "சின்னவனுக்கும் உபயோகமா இருக்கட்டுமே" என்றார். கல்யாணமாகி ஐந்து மாதம். கொழுந்தன் ஆசைப்பட்டதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தயக்கத்தோடுதான் அவள் கடைக்குக் கிளம்பினாள்.

கொம்புக்கு வர்ணம் பூசிய மாடு

அப்பா, மகள், கொழுந்தன் மூவரும் திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினார்கள். வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு. கம்ப்யூட்டர், கேமரா, வயர், உதிரி பாகம் எல்லாவற்றுக்கும் தமிழ்நாடே வந்து நிற்கும் சந்தை.

முதல் கடையிலேயே பையன் நின்றுவிட்டான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விளக்கு. "ஐ7 பிராசஸர், 16 ஜி.பி. ராம், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், விண்டோஸ் எல்லாம் சேர்த்து 32,000" என்றார் கடைக்காரர். கையில் இருப்பதைவிட 13,000 குறைவு. பையன் திரும்பி, "மாமா, இதையே எடுத்துடலாம்" என்றான்.

மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஐ7 சரி அண்ணே, எத்தனாவது ஜெனரேஷன்?"

"ஐ7-ங்கம்மா. ஐ3, ஐ5 எல்லாத்தையும் விடப் பெருசு" என்று பதில் வந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொல்லி, செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைத் திறந்தாள். ஐ7-4770 என்று இருந்தது.

கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் ஜெனரேஷன், அதாவது தலைமுறை. 4770 என்றால் நான்காவது தலைமுறை, 2013-ல் வந்தது. ஐ3-12100 என்று இருந்தால் பன்னிரண்டாவது தலைமுறை, 2022-ல் வந்தது. பெயருக்கு ஐ3 சின்னது, ஐ7 பெரியது. ஆனால் இரண்டிலும் உள்ளே இருப்பது நான்கு கோர்தான். அந்தப் புது ஐ3 இந்தப் பழைய ஐ7-ஐ வேகத்தில் முந்திவிடும், மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும். மகள் இதை விளக்கியதும் அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"பல்லைப் பார்க்காம மாடு பிடிக்கிற மாதிரி" என்றார்.

சந்தையில் தரகர் கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் புது மணி கட்டித்தான் மாட்டை நிறுத்துவார். வாங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். இரண்டு பல் என்றால் இளசு. எட்டுப் பல்லும் முளைத்துத் தேய்ந்திருந்தால் வயது தெரிந்துவிடும். அந்தப் பெட்டியில் சுழன்ற விளக்கு கொம்பு வர்ணம். 4770 பல்.

பழைய கம்ப்யூட்டர் வாங்குவதே தவறு என்பதல்ல. ஏதோ ஒரு அலுவலகத்தில் ஓடிக் கழித்ததை நல்ல கடையில் சுத்தம் செய்து, பழையது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் எழுத, படிக்கப் போதும். பழையதைப் புதியது போலக் காட்டுவதுதான் சிக்கல்.

விண்டோஸ் எந்த வயது மாட்டை ஏற்கும்?

இங்கே இன்னொரு கணக்கும் இருந்தது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக்காரர்கள் தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. அதன் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் புதிதாக வரும் வைரஸுக்குத் தடுப்பூசி கிடைக்காது. லாரி உரிமையாளர்களின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் பேங்க் கணக்கும் திறக்கப்படும் கம்ப்யூட்டருக்கு அது ஆபத்து.

விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெலில் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். நான்காவது தலைமுறைக்கு அது பொருந்தாது. "நாங்க 11 ஏத்தித் தர்றோம், ஓடும்" என்றார் கடைக்காரர். குறுக்கு வழியில் ஏற்றினால் ஓடத்தான் செய்யும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

பையன் அப்போதும் விடவில்லை. அவன் விளையாட நினைத்தது வாலரன்ட். விண்டோஸ் 11-ல் அந்த விளையாட்டு ஓட டி.பி.எம். 2.0 கட்டாயம். அவனே செல்போனில் தேடிப் பார்த்தான். முகம் வாடியது. அதன்பின் விளக்குப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி மாடா, பந்தய மாடா?

அடுத்த கடையில் இரண்டு விலைப்பட்டியல் வாங்கினார்கள். ஒன்று, கடையிலேயே உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் கேமிங் செட், 78,000. இன்னொன்று, கம்பெனியில் கட்டி சீல் வைத்து வரும் சாதாரண டவர் செட். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 22 அங்குல மானிட்டர், ஒரிஜினல் விண்டோஸ் 11. மானிட்டரோடு 40,500. 2025 கடைசியில் இருந்து உலகம் முழுவதும் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் 16 ஜி.பி. அந்தப் பணத்தில் அடங்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? இ-வே பில், டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, பட்டா சிட்டா எடுப்பது, படம் பார்ப்பது இதற்கெல்லாம் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. பிராசஸருக்குள் இருப்பதே போதும். ராமும் எஸ்.எஸ்.டி.யும்தான் அன்றாட வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டால் எந்த பிராசஸரும் ஊர்ந்துதான் போகும். கேமிங்குக்கு நேர்மாறு. அங்கே பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கே போகும். அதற்குத் தீனி போடப் பெரிய எஸ்.எம்.பி.எஸ்., அதைக் குளிர்விக்கக் கூடுதல் ஃபேன் எல்லாம் வேண்டும்.

தீனிக் கணக்கையும் மகள் அங்கேயே போட்டாள். சாதாரண செட் மானிட்டரோடு சுமார் 80 வாட் என்று வைத்து, தினம் 6 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். கேமிங் செட் விளையாடும்போது 350 வாட் இழுத்தால், தினம் 4 மணி நேரத்துக்கு 84 யூனிட். அவர்கள் வீட்டு மின் கணக்கு ஏற்கெனவே 420 யூனிட்டில் நின்றது. 84 சேர்ந்தால் 504. நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும்.

கடையில் கட்டும் செட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. உள்ளே எல்லாம் பொது அளவு. எது பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம், நாளைக்குப் பெரிதாக்கலாம். வாரன்டி மட்டும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. பழுதானால் பிராசஸரை ஒரு சர்வீஸ் சென்டருக்கும் ராமை இன்னொன்றுக்கும் நாமே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கம்பெனி செட்டில் ஒரே போன், ஆள் வீட்டுக்கு வருவார். ஆனால் அதில் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு எல்லாம் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவு. 180 வாட் எஸ்.எம்.பி.எஸ். உள்ள மாடலை வாங்கிவிட்டுப் பிறகு கிராபிக்ஸ் கார்டு போட நினைத்தால் தாங்காது.

இந்த இடத்தில்தான் பையன் உதவினான். "அண்ணி, 300 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிற மாடல் இருக்கான்னு கேளுங்க" என்றான். ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டில் 6 ஜி.பி. வகை 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் தனி வயர் இல்லாமல் ஓடக்கூடியது. அதற்கு 300 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கப்படுகிறது. கடைக்காரர் தேடிப் பார்த்து, அதே செட்டில் 300 வாட் மாடல் 1,500 கூடுதலுக்கு இருப்பதாகச் சொன்னார். மூடியைத் திறக்கச் சொல்லி, கார்டு நுழைய இடம் இருக்கிறதா, ராமுக்கு இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். 42,000. யு.பி.எஸ். 3,000. மொத்தம் 45,000. பானைக்கும் கரும்புக்கும் அப்பா தனியாகப் பணம் பார்த்துக்கொண்டார்.

கேட்க வேண்டிய இன்னொன்றை மகள் மெட்ரோவில் திரும்பும்போது கேட்டாள். "கார்டு உன் காசுலதான். படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போய் வாங்கிக்க. ராத்திரி எனக்கு போன் வந்தா விளையாட்ட நிறுத்தி எழுந்துடணும். சம்மதமா?"

பையன் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு ஸ்டேஷன் கழித்து, "சரி அண்ணி" என்றான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். சீர் என்று கொடுத்துவிட்ட பிறகு அதை யார் எப்படி உபயோகிப்பது என்று பெண் வீட்டார் பேசக் கூடாது. மகளே பேசி முடித்தது அவருக்கு நிம்மதி.

பொங்கலுக்கு முந்தின நாள் சீர் இறங்கியபோது, பித்தளைப் பானைக்கும் கரும்புக் கட்டுக்கும் பின்னால் இரண்டு அட்டைப் பெட்டிகள் வந்தன. அம்மா இரண்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்.

உப்புக் காற்றும் கரித்தூளும்

கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்பதற்கும் அந்த வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. கடற்கரையோரம் கூரைத் தகடு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே உப்பு ஈரம் கம்ப்யூட்டருக்குள்ளும் போகும். ராமின் மஞ்சள் விளிம்பில் படிந்தால் ஒருநாள் திரையே வராது. வட சென்னையில் லாரிப் புழுதியும் கரித்தூளும் சேர்ந்துகொள்கின்றன. காற்றை இழுக்கும் ஃபேன் தூசியையும் இழுக்கும். முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேமிங் பெட்டிகளில் வடிகட்டி இல்லாவிட்டால் இன்னும் அதிகமாகச் சேரும்.

அதனால் கடலைப் பார்த்த ஜன்னலை விட்டு உள் சுவரோரம் மேசை போட்டார்கள். தரையில் சி.பி.யூ. வைக்க மாமியார் ஒப்பவே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் வந்த தண்ணீர் அவர் நினைவில் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது எதுவும் அன்றைக்கு மிஞ்சவில்லை.

கரன்ட் விஷயத்தை அப்பா பார்த்துக்கொண்டார். மோட்டார் காயில் கருகிப் போன அனுபவம் உள்ளவர். எர்த் இல்லாத பிளக்கில் எதையும் செருக விடமாட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட்லேம்ப் வைத்துப் பார்த்தபோது அந்த அறை பிளக்கில் எர்த் வயரே இணைக்கவில்லை என்று தெரிந்தது. 450 ரூபாய்ச் செலவில் சரி செய்த பிறகே கம்ப்யூட்டரை ஆன் செய்தார்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது சுமார் 360 வாட் வரை தாங்கும். சாதாரண செட்டுக்குக் கரன்ட் போனால் வேலையைச் சேமித்து நிறுத்தப் போதுமான நேரம் கிடைக்கும். கேமிங் செட்டுக்கு அது போதாது. அந்தச் செலவும் தனி.

இப்போது லாரிக்காரர்கள் ஏழு பேர் ஆகியிருக்கிறார்கள். பிரிண்டர் இன்னும் வாங்கவில்லை, பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசி எடுப்பது கொழுந்தனின் பொறுப்பு. பங்குனியில் முதல்முறை திறந்தபோது ஃபேன் இறக்கைகளில் கறுப்பாக ஒரு படலம் படிந்திருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கான இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவன் அதையும் ஒருமுறை துடைத்துவிட்டு மூடினான்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(மகள் நோட்டில் எழுதிக் கடைக்குக் கொண்டு போனவை)

1. பிராசஸரின் முழு எண் என்ன? 'ஐ5', 'ஐ7' என்று மட்டும் சொன்னால் போதாது. எண்ணைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

2. விண்டோஸ் 11 முறையாக ஏற்குமா? ஒரிஜினல் லைசென்ஸா? திருட்டு விண்டோஸ் என்றால் பேங்க் வேலை அதில் வேண்டாம்.

3. ராம் எத்தனை ஜி.பி.? இன்னொன்று போட ஸ்லாட் காலியா? 8 ஜி.பி. தொடக்கத்துக்குப் போதும், 16 இருந்தால் நல்லது.

4. எஸ்.எஸ்.டி.யா, ஹார்ட் டிஸ்க்கா? விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்க வேண்டும்.

5. எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், யார் தயாரிப்பு? சான்று விதைப் பையில் நீல அட்டை பார்ப்பது போல, எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

6. வாரன்டி எத்தனை வருடம்? ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிப் போக வேண்டுமா? உங்கள் ஊர் பின்கோடு அதில் அடங்குமா?

7. ஜி.எஸ்.டி. பில் தருவார்களா? கம்ப்யூட்டருக்கு வரி 18 சதவிகிதம். 'பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்' என்றால் வாரன்டியும் கூடவே போய்விடும். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்; அதற்கும் பில் வேண்டும்.